ஷோரூம் நீட்டும் இரண்டாவது தாள்

தாராவி 90 அடி ரோட்டிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கார் வாங்கும்போது மும்பைக்குள் ஓடப்போகும் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஊர்க் கணக்கும் அதில் சேரும். திருநெல்வேலிப் பக்கத்தில் குலதெய்வத்துக்குக் கொடை என்றால் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, சேலம், மதுரை என்று போகும் அந்தப் பாதையில் வண்டிதான் வீடு. பிள்ளைகள் தூங்குவதும், புளியோதரைப் பொட்டலம் பிரிப்பதும், பெரியவர்கள் கால் நீட்டுவதும் அதற்குள்தான். மேலை நாடுகளில் படுக்கையும் அடுப்பும் வைத்த மோட்டார்ஹோம் விற்கும் டீலர்கள், விலை பேசி முடிந்ததும் பெயின்ட் பாதுகாப்பு, டயர் காப்பீடு, கூடுதல் வாரண்டி என்று இன்னொரு பட்டியலை எடுப்பார்கள். நம் ஏழு சீட்டர் வாங்கும் மேஜையிலும் அதே பட்டியல்தான் வருகிறது.

முதல் தாளில் எக்ஸ்-ஷோரூம் விலையும் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இருக்கும். அதில் பேச அதிகமில்லை. மகாராஷ்டிராவில் தனிநபர் பெயரில் வாங்கும் 10 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு வரி 11 விழுக்காடு. விலை ஏற ஏற விகிதமும் ஏறும். விலை 10 லட்சத்தைத் தாண்டினால் டி.சி.எஸ். என்று 1 விழுக்காடு பிடிப்பார்கள். அது டீலருக்குப் போகும் பணம் இல்லை. நம் பான் எண்ணில் வருமான வரியாக ஏறும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் திரும்பவும் வரும். சிறு கடை வைத்திருப்பவர்கள் பலர் இது தெரியாமல் அந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

இரண்டாவது தாள்தான் விவகாரம். இன்ஷூரன்ஸ், எக்ஸ்டென்டெட் வாரண்டி, 'எசென்ஷியல் கிட்', டெஃப்லான் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங், சீட் கவர், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று வரிசையாக அடித்திருப்பார்கள். "எல்லாரும் எடுக்கிறாங்க சார், லோன்ல போட்டுட்டா மாசம் எண்ணூறு ரூபாதான் கூடும்" என்பார்கள். அந்த எண்ணூறைப் பிரித்துப் பாருங்கள். 50,000 ரூபாய்ச் சாமானை 9 விழுக்காடு வட்டியில் ஏழு வருஷக் கடனில் ஏற்றினால் மாதத் தவணை சுமார் 805 ரூபாய். கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது 67,600 ரூபாய் போயிருக்கும். டெஃப்லான் பூச்சோ சில மாதக் கழுவலில் தேய்ந்திருக்கும். அதற்கான தவணை மட்டும் ஏழாம் வருஷம் வரை ஓடும்.

அந்தத் தாளின் ஒவ்வொரு வரியிலும் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான். வண்டி ஷோரூமை விட்டு இறங்குவதற்கு முன் இதை முடிவு செய்தே ஆக வேண்டுமா, பிறகும் வாங்க முடியுமா? இப்படிப் பிரித்தால் அன்றே முடிவு செய்ய வேண்டியதாக இன்ஷூரன்ஸ் மட்டுமே நிற்கும். நாம் பாதிக் கவனத்தோடு கையெழுத்துப் போடுவதும் அதில்தான்.

2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்த விதி அது. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியை ஒரு வருஷத்துக்கு எடுத்தால் போதும். இதை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. டீலர்கள் பாலிசி விற்பதற்காகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டு விதிகளும் வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கின்றன. ஷோரூம் சொல்லும் பிரீமியத்தையும் வெளியே இரண்டு கம்பெனிகள் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐ.டி.வி. என்ற காப்பீட்டு மதிப்பு மூன்றிலும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டே ஒப்பிட வேண்டும். மதிப்பைக் குறைத்து பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவது எளிது.

பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதியது வாங்குகிறவர்கள் நோ க்ளெய்ம் போனஸை மறந்துவிடக் கூடாது. அந்தச் சலுகை பாலிசி எடுத்தவருக்கு உரியது, வண்டியோடு போவதில்லை. ஐந்து வருஷம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 விழுக்காடு குறையும். பழைய கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கிவந்தால் புது வண்டிக்கு மாற்றலாம். ஷோரூமில் யாராவது தாமாக இதை எடுத்துச் சொன்னால் அவரிடமே வண்டி வாங்கலாம் என்பேன்.

பாலிசியோடு வரும் ஆட்-ஆன் கவர்களில் மும்பைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் புரொடெக்ட். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் ஓரம் மழைக்கு எப்படி ஆகும் என்று மாட்டுங்காவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாராவியை ஒட்டி மித்தி ஆறு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. நடுரோட்டில் கைவிட்டுப்போன வண்டிகளைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீருக்குள் நின்றுபோன காரைத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சும். காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாது; கனெக்டிங் ராடு வளையும், சில வண்டிகளில் எஞ்சின் பிளாக்கே உடையும். சாதாரண காம்ப்ரஹென்சிவ் பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் இப்படி ஸ்டார்ட் செய்ததால் உடைந்த எஞ்சினை 'பின்விளைவுச் சேதம்' என்று ஒதுக்கிவிடும். லட்சங்களில் வரும் அந்தச் செலவுக்கு இந்தக் கவர்தான் பதில். வருஷ நடுவில் இதைச் சேர்க்க முடியாது. பாலிசி தொடங்கும்போதே இருக்க வேண்டும். கவர் இருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் தொடாதீர்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்ததாகத் தெரிந்தால் அங்கேயும் தகராறு வரும்.

தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் அடுத்தது. சாதாரண பாலிசியில் பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களை மாற்றினால் பாதி விலை நம் கையிலிருந்து போகும். வண்டி புதியதா பழையதா என்ற பேச்சே இல்லை. 60 அடி ரோட்டில் டெம்போவுக்கும் கைவண்டிக்கும் நடுவே நிறுத்தும் காருக்கு அடிபடுவது பம்பர்தான். முதல் மூன்று நான்கு வருஷம் ஜீரோ டெப் எடுப்பது சரி. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்பது வண்டி திருடுபோனாலோ தேறாமல் நொறுங்கினாலோ இன்வாய்ஸ் விலையைத் தருவது; பல பாலிசிகளில் சாலை வரியும் சேரும். கடன் அதிகமாக வைத்து வாங்குகிறவர்களுக்கு இது தேவை. கையில் முழுப் பணம் கொடுத்து வாங்குகிறவர் யோசித்து விடலாம்.

ரோட்சைடு அசிஸ்டன்ஸுக்கு மட்டும் தனியே பணம் கொடுக்காதீர்கள். கார் கம்பெனி முதல் சில வருஷம் அதை இலவசமாகவே தருவது வழக்கம்; அதையே பாலிசியிலும் விற்பார்கள், வாரண்டியிலும் சேர்ப்பார்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033-ஐ அழைத்தால் உதவி வரும். 15 லட்ச ரூபாய் ஓட்டுநர் விபத்துக் காப்பீடும் அப்படித்தான். வீட்டு ஸ்கூட்டருக்கோ தனியாகவோ உங்கள் பெயரில் ஏற்கெனவே அந்தத் தொகைக்கு இருந்தால் இரண்டாவது தேவையில்லை. எழுதிக் கொடுத்தால் எடுத்துவிடுவார்கள்.

எக்ஸ்டென்டெட் வாரண்டி நல்ல சாமான்தான். டர்போ எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியரும் திரை திரையாக எலக்ட்ரானிக்ஸும் வைத்த வண்டியை ஏழெட்டு வருஷம் வைத்திருக்கப்போகிறவர் எடுக்கலாம். ஊருக்கு ஓட்டுகிறவர் கட்டாயம் பார்க்க வேண்டியது, அது கார் கம்பெனியே தரும் வாரண்டிதானா என்பது. அப்போதுதான் ஹூப்ளியில் நின்றாலும் நெல்லையில் நின்றாலும் சர்வீஸ் சென்டர் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும். வேறு ஏதோ நிறுவனத்தின் பெயரில் டீலர் விற்பது அந்த டீலர் வாசலைத் தாண்டினால் செல்லாமல் போகலாம். ஆனால் அன்றைக்கே எடுக்க அவசரமில்லை. பெரும்பாலான கம்பெனிகள் முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் விற்கின்றன, தாமதித்தால் விலை கொஞ்சம் கூடும். மாருதி தன் இரண்டு வருஷ, 40,000 கிலோமீட்டர் வாரண்டியை 2024 ஜூலையில் மூன்று வருஷம், ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்திவிட்டது. வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று இரண்டு வருஷம் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம்.

அலங்காரச் சாமான்களுக்கு மும்பையில் சி.எஸ்.டி. ரோடு இருக்கிறது, ஆபரா ஹவுஸ் இருக்கிறது. மேட், சீட் கவர், மட் ஃபிளாப், சன் ஷேடு எல்லாம் அங்கே பேரம் பேசி வாங்கலாம். உப்புக்காற்றுக்குப் பயந்து அண்டர்பாடி கோட்டிங் அடிக்க நினைப்பவர்களும் நல்ல கடையைத் தேடி வெளியே அடிக்கலாம்; அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்ட துளைகளை அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சீட் கவரில் ஒரு எச்சரிக்கை. ஆறு ஏர்பேக் வண்டிகளில் முன்சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கிறது. சாதாரண கவர் போட்டு இறுக்கித் தைத்துவிட்டால் விபத்தின்போது அது சரியாக விரியாது. ஏர்பேக்குக்கென்று பிரியும் தையல் உள்ள கவரையே கேட்டு வாங்குங்கள்.

கம்பெனி சாமானுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இருப்பது வயரிங் விஷயத்தில். கேமரா, மியூசிக் சிஸ்டம், ஃபாக் லேம்ப் ஆகியவற்றை வெளியே வயர் வெட்டிப் பொருத்தினால் எலக்ட்ரிகல் வாரண்டி கைவிட்டுப் போகும். தீ விபத்தில் க்ளெய்மும் சிக்கலாகும். கப்ளரில் செருகும் கம்பெனி சாமான் அங்கே வாங்கத் தக்கது. எதைப் பொருத்தினாலும் பில்லைக் காட்டிப் பாலிசியில் எழுத வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திருடுபோனபோது அதற்குக் காசு வராது. முன்பக்கம் இரும்புக் கம்பி வைக்கும் கிராஷ் கார்டு வேண்டவே வேண்டாம். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதைத் தடுத்துவிட்டது. எதிரே வரும் மனிதருக்கும் ஆபத்து, ஏர்பேக் சென்சாரும் ஏமாறும்.

வேனைக் கேரவனாக மாற்ற நினைப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். மகாராஷ்டிர அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்த பிறகு அந்த ஆசை பலருக்கு வந்திருக்கிறது. ஆனால் உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. படுக்கை, இன்வெர்ட்டர், கூரை மேல் பந்தல் எல்லாம் ஆர்.சி. புத்தகத்திலும் பாலிசியிலும் ஏறியிருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், டெப்போ சார்ஜ் என்று வருபவற்றுக்கு என்ன வேலைக்காக என்று பிரித்து எழுதி ரசீது கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பல இடங்களில் அந்த வரி மறைந்துவிடும். நம்பர் பிளேட்டுக்கும் தனிப் பணம் கிடையாது. 2019 ஏப்ரலுக்குப் பிந்திய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பலகை விலையோடு சேர்ந்தே வர வேண்டும்.

"கிட் எடுக்காட்டி டெலிவரி தள்ளிப் போகும், இன்ஷூரன்ஸ் இங்கேயே எடுத்தாதான் டிஸ்கவுண்ட்" என்று சொல்வார்கள். முதலாவதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. ஒன்றை வாங்கினால்தான் மற்றொன்று என்று நிபந்தனை போடுவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கட்டுப்பாட்டு வணிக நடைமுறை. அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மாவட்ட ஆணையத்தில் 50 லட்சம் வரையிலான பொருளுக்கு வக்கீல் இல்லாமல் நீங்களே மனுப் போடலாம். இரண்டாவது, டிஸ்கவுண்ட் பேச்சு, வெறும் பேரம். டிஸ்கவுண்டைக் கழித்த பிறகு வெளியே எடுக்கும் பாலிசியைவிட அவர்களுடையது மலிவாக வந்தால், கவர்களும் ஐ.டி.வி.யும் ஒன்றாக இருந்தால், அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டேஷனை முதல் நாளே வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பிட்ட பிறகு வீட்டிலிருப்பவர்களோடு உட்கார்ந்து ஒரு கால்குலேட்டரோடு பார்த்தால் இதற்கு அரை மணி நேரம் போதும்.