எச்.டி.டி.பி. கோரிக்கைத் தோல்வியைக் கையாளுதல்

எச்.டி.டி.பி. கோரிக்கைத் தோல்வியைக் கையாளுதல் என்பது, உலாவியில் இயங்கும் வலைச்செயலி வழங்கிக்கு அனுப்பிய கோரிக்கை நிறைவேறாதபோது அதைக் கண்டறிந்து, பயனருக்குத் தெரிவித்து, அடுத்த வழியைக் காட்டும் முறையாகும்.

வகைகள்

1. பிழைக் குறியீட்டுடன் மறுமொழி வருதல். 400 முதல் 499 வரையிலான எண்கள் கோரிக்கையில் உள்ள பிழையையும், 500 முதல் 599 வரையிலானவை வழங்கியின் கோளாறையும் குறிக்கும்.
2. இணைப்பு அறுந்து மறுமொழியே வராதிருத்தல்.

ஜாவாஸ்கிரிப்டின் 'ஃபெட்ச்' செயற்கூறு இரண்டாம் வகையை மட்டுமே பிழையாகக் கருதும். முதல் வகையை அறிய, நிரலர் மறுமொழியின் குறியீட்டைச் சோதிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு

விருதுநகர் மாவட்டம் சிவகாசியின் பட்டாசுக் கடைத் தளங்களைக் கொண்டு இதை விளக்கலாம். மின்வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை செய்தது. அதன்பின் பல கடைகளின் தளங்கள் விலைப்பட்டியலைக் காட்டி, வாடிக்கையாளரின் தேவைப் பட்டியலை விசாரணையாக மட்டும் பெறுகின்றன.

விலைப்பட்டியலைப் பெறும் 'கெட்' கோரிக்கை தோற்றால், சற்று இடைவெளி விட்டுத் தானாகவே மீண்டும் அனுப்பலாம். தேவைப் பட்டியலை அனுப்பும் 'போஸ்ட்' கோரிக்கையை அவ்வாறு அனுப்பக் கூடாது. முதல் கோரிக்கை வழங்கியில் பதிவாகி, மறுமொழி மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மீண்டும் அனுப்பினால் ஒருவர் பெயரில் இரு பட்டியல்கள் பதிவாகிவிடும். ஒவ்வொரு பட்டியலுக்கும் தனி அடையாள எண் இணைத்தால், வழங்கி இரண்டாவதை அடையாளம் கண்டு ஒதுக்க முடியும். எந்தத் தோல்வியிலும் பயனர் நிரப்பிய பட்டியல் திரையிலிருந்து அழியக் கூடாது.