டிரைவிங் டெஸ்ட்: 'கேள்வித்தாள்' 1989-லேயே வெளியாகிவிட்டது! பெங்களூருவில் பாஸ் ஆவது எப்படி?

டிரைவிங் டெஸ்ட்டில் என்ன கேட்பார்கள் என்று யாரிடம் விசாரித்தாலும், "எட்டு போட்டா போதும்", "ஸ்கூல்காரங்க பார்த்துப்பாங்க" என்ற பதில்தான் வரும். ஆனால் இந்தத் தேர்வில் ரகசியம் எதுவும் கிடையாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 15-வது விதியை எடுத்துப் பாருங்கள். ஆய்வாளர் உங்களிடம் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று வரிசையாகப் பட்டியல் போட்டிருக்கிறது. பெங்களூருவில் லைசென்ஸ் எடுக்கப்போகும் உங்களுக்கு அதுதான் பாடத்திட்டம்.

அதற்கு முன், பலருக்கும் இருக்கும் சில அடிப்படைக் கேள்விகள்.

ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி. லைசென்ஸ் எங்கே எடுப்பது?

தமிழ்நாட்டில் எடுத்த லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தால் கர்நாடகாவில் இன்னொன்று தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 13-வது பிரிவுப்படி லைசென்ஸும் எல்எல்ஆரும் இந்தியா முழுக்கச் செல்லும். அதாவது ஊரில் எடுத்த எல்எல்ஆரை வைத்துக்கொண்டு பெங்களூருவில் ஓட்டிப் பழகலாம்.

புதிதாக இங்கேயே எடுப்பதென்றால் பெங்களூரு முகவரிக்கான ஆவணம் வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் எந்த ஆர்டிஓ-விலும் விண்ணப்பிக்க சட்டம் இடம் தருகிறது. கோரமங்களா, ஜெயநகர், எலெக்ட்ரானிக் சிட்டி, கே.ஆர்.புரம், யெலஹங்கா என்று நகரம் முழுக்க ஆர்டிஓ-க்கள் உள்ளன. விண்ணப்பம், கட்டணம், நேரம் பதிவு செய்வது எல்லாம் 'பரிவாஹன்' தளத்தின் 'சாரதி' பக்கத்திலேயே முடிந்துவிடும்.

எல்எல்ஆர் தேர்வு கஷ்டமா?

கஷ்டமில்லை, ஆனால் படிக்காமல் போகக் கூடாது. கணினியில் கேள்விகள் வரும். குறைந்தது 60% சரியாகச் சொல்ல வேண்டும். சாலைக் குறியீடுகள், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவைதான் பகுதிகள்.

எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். கையில் வாங்கி 30 நாள் ஆன பிறகே டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். கார் என்றால் லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இது பயிற்சி வகுப்பின்போது மட்டும் அல்ல, அப்பா காரை நீங்கள் தெருமுனை வரை எடுத்துப் போனாலும் பொருந்தும்.

விண்ணப்பிக்கும்போதே வண்டி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் டெஸ்ட் கொடுத்தால் புல்லட் ஓட்ட முடியாது. கியர் பைக்கில் பாஸ் ஆனால் ஸ்கூட்டருக்கும் சேர்த்தே பாஸ்.

அந்த 30 நாளில் எதைப் பழகுவது?

15-வது விதியின் பட்டியலைப் படித்தால், ஒன்று தெளிவாகத் தெரியும். அது கேட்பது சாகசத்தை அல்ல, பழக்கங்களைத்தான்.

- கிளம்புமுன்: கண்ணாடிகளைச் சரிசெய்வது, சீட் பெல்ட் போடுவது. பட்டியல் தொடங்குவதே இங்கேதான். ஸ்கூல் காரில் இதை ஆசிரியரே செய்து வைத்திருப்பார் என்பதால், டெஸ்ட் அன்று பலரும் மறப்பது இதைத்தான்.
- ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்புவது: வண்டி பின்னால் உருளக் கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் சத்தம் மாறி, வண்டி லேசாக அதிரும். அந்த இடத்தில் காலை நிலையாக வைத்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவு இதற்கு நல்ல இடம்.
- ரிவர்ஸ்: பின்னால் வந்து, வலமோ இடமோ உள்ள குறுகிய இடத்துக்குள் வண்டியை நுழைக்க வேண்டும். வேகம் தேவையே இல்லை. பாதி கிளட்ச்சில் ஊர்ந்தால் போதும்.
- சிக்னல்: திரும்பும்போதும் லேன் மாறும்போதும் முதலில் கண்ணாடி, பிறகு இண்டிகேட்டர், அதன் பிறகே ஸ்டீயரிங்.
- பாதசாரி: சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்கில் கடப்பவருக்கு வழிவிட வேண்டும். நம் சாலைகளில் யாரும் செய்யாததால் இது விதியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

பைக்கில் எட்டு போடும்போது முன்சக்கரத்தைப் பார்க்காமல், அடுத்து திரும்பப்போகும் இடத்தைப் பாருங்கள். மெதுவாகப் போகும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி சாயும். பின் பிரேக்கை மட்டும் லேசாகப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு விஷயம். டிரைவிங் ஸ்கூல் காரில் ஆசிரியர் பக்கமும் பெடல்கள் இருக்கும். காரை நிறுத்தியது நீங்களா, அவரா என்பது உங்களுக்கே தெரியாமல் போகலாம். கடைசி வகுப்புகளில், "இன்னைக்கு நீங்க காலை எடுத்துடுங்க சார்" என்று கேட்டு ஓட்டிப் பாருங்கள். உங்கள் உண்மையான நிலை அன்று தெரிந்துவிடும்.

டெஸ்ட் அன்று என்ன நடக்கும்?

எந்த வகை வண்டிக்கு விண்ணப்பித்தீர்களோ, அந்த வகை வண்டியில்தான் டெஸ்ட். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.

ஞானபாரதி ஆர்டிஓ-வின் மல்லத்தஹள்ளி வளாகத்தில் சென்சார் பொருத்திய தானியங்கி டெஸ்ட் டிராக் இருக்கிறது. இதுபோன்ற டிராக்குகளில் கோட்டைத் தொட்டதா, நடுவில் நின்றதா, பின்னால் உருண்டதா என்பதையெல்லாம் கருவிகளே பதிவு செய்கின்றன. அங்கே "தெரிஞ்சவர் இருக்கார்" என்பது எடுபடாது.

ஆய்வாளர் கன்னடத்தில் சொன்னால் பதறாதீர்கள். 'எடக்கே' என்றால் இடப்பக்கம், 'பலக்கே' என்றால் வலப்பக்கம், 'நில்லிஸி' என்றால் நிறுத்துங்கள், 'ஹிந்தே' என்றால் பின்னால். இந்த நான்கு சொற்கள் தெரிந்தால் சமாளித்துவிடலாம்.

ஃபெயில் ஆனால்?

7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். கூடவே ஒரு திருத்தப் பயிற்சியும் முடிக்க வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. எனவே எல்எல்ஆரின் ஆறாவது மாதத்தில் முதல் டெஸ்ட்டை வைத்துக்கொள்ளாதீர்கள்.

டெஸ்ட்டே இல்லாமல் லைசென்ஸ் கிடைக்குமாமே?

2024-ல் வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி இது. ஜூன் 1 முதல் விதி எதுவும் மாறவில்லை என்று மத்திய அரசே விளக்கம் தந்தது. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதி 2021 ஜூலையிலேயே வந்துவிட்டது. கார் ஓட்ட அங்கே 29 மணி நேரப் பயிற்சி, மையத்துக்குள்ளேயே தேர்வு. அதில் தேறி '5பி' சான்றிதழ் வாங்கினால் ஆர்டிஓ டெஸ்ட்டில் விலக்கு உண்டு. தெருவில் உள்ள சாதாரண ஸ்கூல் தரும் '5' சான்றிதழுக்கு அந்த விலக்கு கிடையாது. பணம் கட்டுமுன் எந்தச் சான்றிதழ் என்று கேளுங்கள்.

புரோக்கரிடம் கொடுத்தால் சுலபம்தானே?

மத்திய விதிகளின்படி ஒரு வகை வண்டிக்கு எல்எல்ஆர் 150 ரூபாய், அதற்கான தேர்வு 50, டிரைவிங் டெஸ்ட் 300, லைசென்ஸ் 200. மொத்தம் 700 ரூபாய். ஸ்மார்ட் கார்டும் சேவைக் கட்டணமும் தனி. புரோக்கர் சொல்லும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். சராசரியாக ஒரு நாளைக்கு சுமார் 460 பேர். அவர்களில் 44.5% பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். பெங்களூருவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமான வாகனங்கள் பதிவாகி உள்ளன. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை வண்டி உரிமையாளரிடமே திரும்பக் கேட்கலாம்.

30 வயதுக்குள் லைசென்ஸ் எடுத்தால் அது உங்கள் 40 வயது வரை செல்லும். இடையில் வேறு டெஸ்ட் கிடையாது. கண்ணாடி, கிளட்ச், சிக்னல் என்று இந்த 30 நாளில் பழகுவதை வைத்துத்தான் அத்தனை வருடமும் ஓட்டப்போகிறீர்கள்.