சருகு கேட்டேன், புகை நின்றது!

வாடகை வீட்டில் குடியிருக்கும் தோழிகளுக்கு என் சங்கடம் புரியும். கீழே வீட்டுக்கார அம்மா, மாடியில் நாங்கள். வாசலில் பெரிய வேப்பமரம். மாசி வந்துவிட்டால் எங்கு பார்த்தாலும் சருகுதான். அந்த அம்மா தினமும் சாயங்காலம் பெருக்கிக் குவித்து நெருப்பு வைத்துவிடுவார். புகை நேராக எங்கள் ஜன்னலுக்குத்தான் வரும்.

என் மகனுக்கோ வீசிங். புகை வந்த ராத்திரி மூச்சு இழுக்கும். நெபுலைசரும் கையுமாக விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். "எரிக்காதீங்கம்மா" என்று சொல்ல வாய் வராது. 'பிடிக்கலேன்னா வேற வீடு பாருங்க'ன்னு சொல்லிட்டா? என் கணவரும், "இந்த வாடகைக்கு ஸ்கூல் பக்கத்துல வேற வீடு கிடைக்குமா? ஜன்னலைச் சாத்திக்கோ" என்று முடித்துவிடுவார்.

2023 மாசியில், காய்கறிக் கழிவில் உரம் போட ஆசைப்பட்டு, ஒரு பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளியை மொட்டை மாடியில் வைத்தேன். காய்த்தோல், வாழைப்பழத்தோல், டீத்தூள் என்று தினமும் கொட்டி இறுக்கி மூடி வைத்தேன். பத்தே நாளில் குடலைப் பிடுங்கும் நாற்றம்! திறந்தால் நெளியும் புழு. வீட்டுக்கார அம்மா மேலே வந்துவிட்டார். "ஏம்மா, இது வீடா, குப்பைமேடா? நாளைக்கே காலி பண்ணிடு!" வாளியைச் சொன்னாரா, வீட்டைச் சொன்னாரா என்று தெரியாமல் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை வந்த கீரைக்காரம்மாவிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "ஏம் பாப்பா, எருக்குழியில வெறும் ஈரத்தையா கொட்டுவாங்க? சருகு போடு, சாணி போடு, காத்து போகட்டும். அப்புறம் நாறுதான்னு பாரு!"

சருகா? அதைத்தானே கீழே தினமும் எரிக்கிறார்கள்!

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இறங்கிப் போனேன். "அம்மா, ஒரு உதவி. பெருக்குற சருகை எரிக்காம எனக்குக் குடுத்துடுறீங்களா? அதைப் போட்டா நாத்தம் வராதாம். பதினைஞ்சு நாள் பாருங்க, வந்தா நானே எல்லாத்தையும் தூக்கிடுறேன்." அரை மனசாக ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார்.

இப்போது என் முறை இதுதான். வாளியின் அடியிலும் பக்கங்களிலும் சூடான கம்பியால் துளைகள் போட்டு, இரண்டு செங்கல் மேல் வைத்தேன். அடியில் ஒரு சாண் உயரம் சருகு. அதன்மேல் ஒரு பங்கு சமையலறைக் கழிவென்றால் இரண்டு பங்கு நொறுக்கிய சருகு. ஆரம்பத்தில் மட்டும் ஒரு கை சாணம் கரைத்துத் தெளித்தேன். சாணம் கிடைக்காதவர்கள் புளித்த மோர் தெளிக்கலாம். எப்போதும் மேலே தெரிவது சருகாகவே இருக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிடுவேன். காற்றுப் புகாமல் அழுகினால்தான் நாற்றம். காற்று போனால் அது மக்கும்.

பதம் பார்ப்பது சுலபம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால், பிழிந்த துணி மாதிரி ஈரம் தெரியணும், சொட்டக் கூடாது. சொட்டினாலோ புழு வந்தாலோ இன்னும் சருகு போடுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். வெள்ளையாய்ப் பூஞ்சை பூத்தால் பயப்படாதீர்கள், நல்லதுதான். மீன், கறி, எண்ணெய்ப் பண்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். வாளி நிறைந்ததும் அடுத்த வாளி. இரண்டு, மூன்று மாதத்தில் கறுப்பாய், பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசனையோடு உரம் தயார்!

வைகாசியில் முதல் உரத்தைச் சலித்து, அந்த அம்மாவின் மல்லிகைத் தொட்டிக்குத்தான் முதலில் போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "அட, நாறலையேடி!" என்றார். அன்றிலிருந்து சாக்கு தானாகவே படியேறி வருகிறது. பக்கத்து வீட்டில் யாராவது சருகுக்கு நெருப்பு வைத்தால், "எரிக்காதீங்க, எங்க மாடிவீட்டுப் பிள்ளைக்கு ஆகாது" என்று அவரே சத்தம் போடுகிறார். அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. நான்தான் பயந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை.

மகனுக்கு வீசிங் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பனிக்காலத்தில் வரத்தான் செய்கிறது, மருந்தும் நிறுத்தவில்லை. ஆனால் மாசி ராத்திரிகளில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறோம்.

2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாள் கணக்கில் புகைந்தது நினைவிருக்கிறதா? நம் வீட்டு வாழைப்பழத்தோலும் கடைசியில் அப்படி ஓர் இடத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. ஒரு வாளி வைக்க இடமிருந்தால் போதும் தோழிகளே, நீங்களும் செய்து பாருங்களேன்! சருகுக்குக் கீழ் வீட்டில் கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

- ஒரு வாசகி, உறையூர், திருச்சி.