மருத்துவரிடம் மறைக்கக் கூடாத மாத்திரைக் கணக்கு



ஒரு காட்சியை நாம் எண்ணிப் பார்ப்போம். கணவரை இழந்த தாய் ஒருவர். இரவில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, காரணமின்றிப் பயம் வந்து அடைத்துக்கொள்கிறது. மருத்துவர் 0.25 மில்லிகிராம் அல்பிரசோலம் மாத்திரையை இரவில் ஒன்று என இரண்டு வாரத்திற்கு எழுதித் தருகிறார். முதல் இரவே நல்ல தூக்கம். 'கடவுள் கண் திறந்தார்' என்று அந்தத் தாய் நிம்மதியடைகிறார்.

நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று அவர் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவில் இரண்டு எடுக்கிறார். வீட்டில் ஏதாவது வாக்குவாதம் வந்தால் இன்னொன்று. மருந்துச் சீட்டு பழையது, கடைக்காரரோ தெரிந்தவர். சர்க்கரை நோய்க்காகப் பார்க்கப் போன இடத்தில் மருத்துவர் கேட்கிறார்: "அந்தத் தூக்க மாத்திரை இன்னும் சாப்பிடுறீங்களாம்மா?" தாய் கீழே பார்த்தபடி சொல்கிறார்: "எப்பவாவது ஒண்ணு, டாக்டர்."

இந்தத் தாயைப் பொய்யர் என்று சொல்ல நமக்கு மனம் வராது. அவர் வெட்கப்படுகிறார், அஞ்சுகிறார். ஆனால் அந்த ஒரு சொல் அவருடைய உயிருக்கே ஆபத்தாகலாம். ஏன் என்பதை இன்று சிந்திப்போம்.

மாத்திரை உடலில் என்ன செய்கிறது?

அல்பிரசோலம், டயசெபாம், லோராசெபாம், குளோனசெபாம் ஆகிய மருந்துகள் பென்சோடயசெபைன் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் முதல் மருந்து 1960-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதைக் கண்டறிந்தவர் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக். 1963-இல் வேலியம் என்ற பெயரில் டயசெபாம் வந்தது. அதற்கு முன்பு தூக்கத்திற்குக் கொடுக்கப்பட்ட பார்பிச்சுரேட் மருந்துகளைவிட இவை பாதுகாப்பானவை என்பதால் உலகெங்கும் விரைவாகப் பரவின.

நமது மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் உண்டு. பரபரப்பாக இயங்கும் நரம்புகளை அடக்கி அமைதிப்படுத்துவது அதன் வேலை. இந்த மாத்திரைகள் காபாவின் வேலைக்குக் கூடுதல் வலு சேர்க்கின்றன. எனவேதான் பயம் தணிகிறது, தூக்கம் வருகிறது, வலிப்பும் அடங்குகிறது. ஆனால் வாரக்கணக்கில் இவ்வாறு வெளியிலிருந்து உதவி வரும்போது, மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதே அளவு மாத்திரை முன்போல் வேலை செய்வதில்லை. ஒன்று இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மருத்துவர் சொன்ன அளவிலேயே ஒழுங்காக எடுத்தவர்களுக்கும் இந்த உடல் சார்பு ஏற்படலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் இந்த மருந்துகள் அனைத்தின் எச்சரிக்கைக் குறிப்பிலும் இதைச் சேர்க்க உத்தரவிட்டது. எனவே, 'நான் கெட்டவள், எனக்கு மன உறுதி இல்லை' என்று அந்தத் தாய் தன்னையே நொந்துகொள்ளத் தேவையில்லை.

மறைப்பதால் வரும் ஆபத்து

மறைக்கும்போது மூன்று விதங்களில் ஆபத்து நேருகிறது.

முதலாவது, மருத்துவர் தவறான முடிவுக்கு வர நேரிடும். அல்பிரசோலம் உடலில் நீண்ட நேரம் தங்குவதில்லை. சுமார் 11 மணி நேரத்தில் அதில் பாதி வெளியேறிவிடும். ஆகவே அதிகம் எடுத்துப் பழகியவருக்கு அடுத்த மாத்திரைக்கு முன்பே படபடப்பும் நடுக்கமும் வரலாம். உண்மை தெரியாத மருத்துவர், நோய் முற்றிவிட்டது என்று எண்ணி இன்னும் வலுவான மருந்தை எழுதக்கூடும்.

இரண்டாவது, கலப்பதால் வரும் ஆபத்து. மதுவோடும், டிரமடால், மார்ஃபின் போன்ற வலி மருந்துகளோடும் இம்மாத்திரைகள் சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம். முதியவர்களுக்குத் தள்ளாட்டம், மறதி, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிதல் ஆகியவை நேரலாம். அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து நிபுணர் கேட்கும் கேள்விகளுக்கு நாம் உண்மையைச் சொல்ல வேண்டியது இதனால்தான்.

மூன்றாவது, திடீர் நிறுத்தம். நம் தாய் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எடுக்கும் மாத்திரைகளைப் பற்றி யாருக்கும் தெரியாது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கை நடுங்குகிறது, வியர்க்கிறது, பேச்சு குழம்புகிறது, வலிப்பும் வரலாம். மருத்துவர்கள் காய்ச்சல் மூளைக்குப் போய்விட்டதோ என்று தேடிக்கொண்டிருப்பார்கள். 'தினமும் ஐந்து மாத்திரை எடுக்கிறார்' என்ற ஒரு வாக்கியம் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் சிகிச்சை உடனே தொடங்கியிருக்கும்.

நாமாக நிறுத்தலாமா?

நல்ல மனதோடு நாம் செய்யும் தவறு இங்கேதான் நிகழ்கிறது. தியானத்திற்குப் போய் வந்த உற்சாகத்தில், அல்லது தவக்காலம் தொடங்கும் நாளில், 'இன்றோடு விட்டுவிட்டேன்' என்று மாத்திரைகளைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. பிள்ளைகளே எடுத்து ஒளித்துவைப்பதும் உண்டு. புகையிலையை அப்படி விடலாம். இந்த மாத்திரையை அப்படி விடக் கூடாது. நெடுநாள் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் உயிரைப் பறிக்கும் வலிப்பு வரலாம்.

சரியான வழி, மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைப்பதே. அமெரிக்க அடிமைநோய் மருத்துவச் சங்கமும் வேறு பல மருத்துவ அமைப்புகளும் இணைந்து 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைப்பதைப் பற்றி எண்ணிப்பார்க்கச் சொல்கிறது. இரண்டு வாரத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கலாகாது என்றும் சொல்கிறது. சிலருக்கு உடலில் நெடுநேரம் தங்கும் டயசெபாமுக்கு மாற்றிப் பின்பு குறைப்பார்கள். இதற்கு மாதங்கள் ஆகலாம், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

ஆனால் ஐந்து மாத்திரை எடுப்பவர் ஒன்று என்று சொன்னால், மருத்துவர் எதிலிருந்து குறைப்பார்? போடும் கணக்கெல்லாம் முதல் எண்ணிலேயே தவறிவிடும். நாம் சொல்லும் எண்ணிக்கைதான் சிகிச்சையின் முதல் படி.

வாயைக் கட்டிப்போடும் அச்சங்கள்

'திட்டுவாரோ' என்பது ஓர் அச்சம். திட்டக்கூடும்தான். ஆனால் ஒரு நாள் கேட்கும் திட்டு வலிப்பைவிடப் பெரிதல்ல. முறையாகக் கேட்டுக்கொள்ளாத மருத்துவரானால், மனநல மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

'மாத்திரையை உடனே பிடுங்கிவிடுவாரோ' என்பது இன்னோர் அச்சம். விவரம் அறிந்த மருத்துவர் அவ்வாறு செய்ய மாட்டார். "திடீர்னு நிறுத்திடாதீங்க டாக்டர், கொஞ்சம் கொஞ்சமா குறைக்க உதவி பண்ணுங்க" என்று நாமே கேட்கலாம்.

'ஊருக்குத் தெரிந்துவிடுமோ' என்பது மூன்றாவது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. உறவினர் கூட இருக்கும்போது சொல்லத் தயக்கமென்றால், "உங்ககிட்ட மட்டும் ரெண்டு நிமிஷம் பேசணும்" என்று கேட்பதில் தவறில்லை.

பழைய சீட்டைக் காட்டி வாங்குவதைப் பற்றியும் ஒரு சொல். அல்பிரசோலம், டயசெபாம் ஆகியவை 2014 மார்ச் முதல் எச்-1 என்னும் மருந்துப் பட்டியலில் உள்ளன. எழுதிக் கொடுத்த மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அறிமுகத்தால் எளிதாகக் கிடைப்பது நமக்குச் செய்யப்படும் உதவி அல்ல.

எப்படிச் சொல்வது?

போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்வோம்: மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு உண்மையில் எத்தனை, எத்தனை ஆண்டுகளாக, எங்கிருந்து வாங்குகிறோம், வேறென்ன மருந்துகள், மது உண்டா, முன்பு வலிப்பு வந்ததுண்டா. காலி அட்டைகளையும் எடுத்துச் செல்வோம். பேச நா எழவில்லை என்றால் தாளை நீட்டினால் போதும். "போன தடவை நான் உண்மையைச் சொல்லல, டாக்டர். எழுதிக் கொடுத்ததைவிட அதிகமா சாப்பிடுறேன்" என்ற இரண்டு வாக்கியங்கள் பாரத்தை இறக்கிவைக்கும்.

நேரில் செல்லும் முன் யாரிடமாவது பேச விரும்பினால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். வலிப்போ குழப்பமோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

நம்மில் சிலர் இதை ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவரிடம் சொல்லிவிட்டு, மருத்துவரிடம் மறைத்துவிடுகிறோம். குருவானவர் நமக்கு மன அமைதிக்கு வழிகாட்டுவார். ஆனால் மாத்திரையின் அளவைக் குறைக்க அவரால் இயலாது. சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம் நோயுற்றவரை இறைவனிடம் மன்றாடவும், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் ஒருசேர அழைக்கிறது. இரண்டில் ஒன்றை நாமாக விட்டுவிட வேண்டாம்.

குடும்பத்தாராகிய நமக்கும் பொறுப்பு உண்டு. வீட்டில் ஒருவர் இப்படி எடுப்பது தெரிந்தால், 'போதைக்காரி' என்ற பட்டம் வேண்டாம். "நானும் உங்ககூட டாக்டர்கிட்ட வர்றேன்மா" என்று சொல்வோம். அந்தத் தாய் அடுத்த முறை மருத்துவரின் எதிரே அமரும்போது கீழே பார்க்காமல் பேசுவதற்கு, நம்முடைய அந்த ஒரு சொல் துணை நிற்கும்.