பூசணி விளக்கு, வவ்வால் தோரணம்: கையாலேயே ஜோடிக்கலாம் 'ஹாலோவீன்' கல்யாணம்!

வாசலில் எலும்புக்கூடு ஒன்று 'வாங்க, வாங்க' என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. சுவரெல்லாம் வவ்வால். மேஜைக்கு மேஜை பல்லை இளிக்கும் பூசணிக்காய். கறுப்பு கவுன் போட்ட மணப்பெண் மோதிரம் மாற்றுகிறார்.

இது பேய் பட கிளைமாக்ஸ் இல்லை. அமெரிக்காவில் நடக்கும் 'ஹாலோவீன்' கல்யாணம்.

நல்ல காரியத்தில் கறுப்பா என்று நம்ம ஊர் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் அங்கே இதை ஆசை ஆசையாக செய்துகொள்ளும் ஜோடிகள் இருக்கிறார்கள். ஒரே சிக்கல், செலவு. அலங்காரத்தை முழுசாக கம்பெனியிடம் விட்டால், கடைசியில் வரும் பில்தான் நிஜமான பேய். கல்யாண கடனை அடைப்பதற்குள் பிள்ளை ஸ்கூலுக்கு போய்விடும்.

அதனால் பல ஜோடிகள் கத்தரிக்கோலும் பசையும் எடுத்துக்கொண்டு தாங்களே களம் இறங்குகிறார்கள். அதை எப்படி திட்டமிடுவது, எங்கே பணம் மிச்சமாகும், எங்கே ஆபத்து இருக்கிறது என்று பார்ப்போம்.

பேய் திருவிழாவா, ஜோடி பார்க்கும் ராத்திரியா?

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31-ந் தேதி ராத்திரி. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதியில் 'சாவின்' என்ற பெயரில் கொண்டாடிய பழைய அறுவடை கால பண்டிகையில் இருந்து வந்தது. செத்தவர்களின் ஆவி அன்று வீட்டுப்பக்கம் வரும் என்பது நம்பிக்கை. அடுத்த நாள், நவம்பர் 1, கிறிஸ்தவர்களுக்கு சகல புனிதர்கள் திருநாள். அதற்கு மறுநாள் கல்லறை திருநாள்.

பலருக்கு தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த காலத்தில் ஹாலோவீன் என்றால் பேயை விட கல்யாண பேச்சுதான் அதிகம்.

ஆப்பிள் தோலை அறுந்து போகாமல் ஒரே நீளமாக சீவி, தோளுக்கு பின்னால் எறிவார்கள். அது விழுந்து கிடக்கும் வடிவம் எந்த எழுத்து மாதிரி இருக்கிறதோ, அதுவே வரப்போகும் மாப்பிள்ளை பெயரின் முதல் எழுத்து. இருட்டில் மெழுகுவர்த்தியோடு கண்ணாடி பார்த்தால் அவர் முகம் தெரியும் என்பார்கள். காதலர் பெயரை சொல்லி இரண்டு கொட்டைகளை அடுப்பு தணலில் போடுவார்கள். இரண்டும் அமைதியாக எரிந்தால் நல்ல பொருத்தம். ஒன்று வெடித்து எகிறினால் அந்த ஜோடி தேறாது!

அயர்லாந்தில் 'பார்ம்பிராக்' என்ற உலர்பழ ரொட்டிக்குள் ஒரு மோதிரத்தை மறைத்து வைப்பார்கள். யார் துண்டில் மோதிரம் வருகிறதோ, அவருக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணம்.

இதை இங்கே சொல்வதற்கு காரணம் இருக்கிறது. ஆப்பிள், கொட்டை, கண்ணாடி, பூசணி, விளக்கு. இவைதான் இந்த பண்டிகையின் உண்மையான பொருட்கள். எல்லாமே மலிவானவை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் மண்டை ஓட்டை விட இவற்றுக்குத்தான் கல்யாணத்தோடு சம்பந்தம் அதிகம்.

முதலில் தேதி

அக்டோபர் 31 சனிக்கிழமையில் வருவது அபூர்வம். 2020-ல் வந்தது. அடுத்து 2026. அதை விட்டால் 2037-தான். அந்த தேதிக்கு மண்டபம் கேட்டு அடித்துப்பிடித்து ஓட தேவையில்லை. அக்டோபரில் எந்த நாளில் வைத்தாலும் இந்த அலங்காரம் பொருந்தும். பொதுவாக சனிக்கிழமையை விட வெள்ளி, ஞாயிறு வாடகை குறைவு.

இன்னொரு தந்திரம், சாமான் வாங்கும் நாள். ஹாலோவீன் முடிந்த மறுநாள் காலையில் மிச்சம் மீதி அலங்கார பொருட்களை கடைகள் பாதி விலைக்கும் அதற்கு கீழேயும் தள்ளிவிடும். அடுத்த வருடம் கல்யாணம் என்றால், இந்த வருடம் நவம்பர் 1-ந் தேதி போய் சீரியல் லைட், பேட்டரி மெழுகுவர்த்தி, கறுப்பு துணி ஆகியவற்றை அள்ளிவிட வேண்டும். இவை ஒரு வருடம் கிடந்தாலும் கெடாது.

400 டாலரில் ஒரு கணக்கு

80 விருந்தினர், மேஜைக்கு 8 பேர், ஆக 10 மேஜை என்று வைத்துக்கொள்வோம். அலங்காரத்துக்கு மட்டும் 400 டாலர் ஒதுக்கினால் இப்படி பிரிக்கலாம்:-

விளக்குகளுக்கு 150 டாலர். பூசணி, பூ, ஆப்பிளுக்கு 110. துணிக்கு 50. பேப்பர், பெயின்ட், பசைக்கு 50. கடைசி நேர அவசரத்துக்கு 40.

விளக்குக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். இந்த கல்யாணத்தில் பாதி அலங்காரத்தை செய்வது இருட்டுதான். அது இலவசம். மண்டபத்தின் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு, மஞ்சள் வெளிச்சம் தரும் சீரியல் லைட்டும் சின்ன விளக்குகளும் போட்டால் பழைய சுவர், கறை படிந்த கூரை எல்லாம் மறைந்துவிடும். வெளிச்சம் படும் இடத்தை மட்டும் ஜோடித்தால் போதும். நுழைவாயில், மோதிரம் மாற்றும் இடம், கேக் மேஜை, சாப்பாட்டு மேஜைகள். அவ்வளவுதான். மண்டபம் முழுக்க ஜோடிக்க ஆசைப்பட்டவர்கள்தான் பட்ஜெட்டில் கோட்டை விடுகிறார்கள்.

நிறத்திலும் கட்டுப்பாடு வேண்டும். கறுப்பு, வெள்ளை, அதோடு ஆரஞ்சு அல்லது அடர் சிவப்பு. மூன்றுக்கு மேல் போனால் கல்யாண வீடு குழந்தைகள் பார்ட்டி மாதிரி ஆகிவிடும்.

வவ்வால் தோரணம்

கறுப்பு கெட்டி பேப்பரை இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டி பாதி வவ்வால் வரைந்து வெட்டினால், பிரித்ததும் முழு வவ்வால். பெரிசு, நடுத்தரம், சின்னது என்று 3 அளவில் 100 வவ்வால் வெட்டுவது நாலு பேருக்கு ஒரு சாயங்கால வேலை.

உடம்பில் மட்டும் டேப் ஒட்டி, இறக்கையை லேசாக மேலே மடித்துவிட வேண்டும். கீழ் மூலையில் நெருக்கமாக ஆரம்பித்து, மேலே போகப்போக இடைவெளி விட்டு ஒட்டினால் கூட்டமாக பறந்து போவது போலவே இருக்கும்.

பாட்டிலும் மெழுகுவர்த்தியும்

காலி ஒயின் பாட்டில்களை தெரிந்தவர்களிடம் இப்போதே சொல்லி வைத்து வாங்கலாம். மேஜைக்கு 3 வீதம் 30 பாட்டில். லேபிளை வெந்நீரில் ஊற வைத்து உரித்து, மேட் கறுப்பு ஸ்பிரே பெயின்ட் இரண்டு கோட் அடிக்க வேண்டும். ஒரு டின்னுக்கு சுமார் 10 பாட்டில் தேறும். திறந்த வெளியில் அடிப்பது முக்கியம்.

மெழுகுவர்த்திக்கு டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக்குழல் போதும். மேல் விளிம்பில் பசை துப்பாக்கியால் சூடான பசையை ஒழுக விட்டால், மெழுகு உருகி வழிந்த மாதிரியே இருக்கும். காய்ந்ததும் வெள்ளை பெயின்ட். மேலே பேட்டரி டீ லைட். தூண்டில் நரம்பில் கட்டி கூரையில் இருந்து தொங்கவிட்டால், மெழுகுவர்த்தி அந்தரத்தில் மிதக்கும். நரம்பு இருட்டில் தெரியாது.

டீயில் நனைத்த துணி

மேஜை விரிப்புக்கு 'சீஸ் கிளாத்' என்ற வலை போன்ற மெல்லிய பருத்தி துணி. கொதிக்கும் தண்ணீரில் டீ பை பத்து போட்டு, டிகாஷன் இறங்கியதும் துணியை ஒரு மணி நேரம் ஊற வைத்து, பிழிந்து காய போட்டால், நூறு வருடத்து பழைய துணி ரெடி. ஓரத்தை கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும்.

அதே துணியில் பேயும் செய்யலாம். வெள்ளை பசையையும் தண்ணீரையும் சம அளவு கலந்து துணியை முக்கி, பாட்டில் மேல் வைத்த பலூனில் போர்த்திவிட வேண்டும். ராத்திரி முழுக்க காய்ந்ததும் பலூனை உடைத்து எடுத்தால், உள்ளே ஆளே இல்லாமல் துணி மட்டும் நிற்கும்.

பூசணியில் அவசரம் கூடாது

இது திருஷ்டி சுற்றும் பூசணி இல்லை. மஞ்சள் பரங்கிக்காய் ஜாதி. அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்கு குடியேறியவர்கள் அங்கே விளைந்த பெரிய பூசணிக்கு மாறினார்கள். குடைவதும் சுலபம்.

முகம் செதுக்கிய பூசணி சில நாட்களிலேயே சுருங்கி, பூஞ்சை பிடித்து, வாயை கோணிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரு வாரம் முன்பே செதுக்கி வைத்தவர்கள் கல்யாணத்தன்று மூக்கை பிடித்துக்கொண்டு தூக்கி எறிய வேண்டியதுதான். செதுக்குவது முதல் நாள் வேலை. வெட்டாத பூசணி குளிர்ந்த, ஈரம் இல்லாத இடத்தில் வாரக்கணக்கில் தாங்கும். அதனால் வாசலுக்கு மட்டும் செதுக்கியது, மேஜைக்கு வெட்டாமல் பெயின்ட் அடித்தது என்று பிரிப்பது புத்திசாலித்தனம்.

மேல்பக்கத்தை வெட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ஜாடியை இறக்கினால் பூசணியே பூச்சாடி. அக்டோபரில் அங்கே சாமந்தி ஜாதி பூக்கள் தொட்டி தொட்டியாக வந்து குவியும். ரோஜாவை விட மலிவு.

ஒவ்வொரு தட்டிலும் சிவப்பு ஆப்பிள் ஒன்று வைத்து, காம்பில் விருந்தினர் பெயர் எழுதிய அட்டையை கட்டினால் பெயர் பலகை செலவு மிச்சம். பழைய சாமான் கடையில் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்று வாங்கி, மணமக்கள் பெயரை எழுதி வாசலில் வைக்கலாம். பழைய கதையில் கண்ணாடியில் தெரிய வேண்டியவர் இப்போது பக்கத்திலேயே நிற்கிறார்!

இதில் விளையாட கூடாது

காய்ந்த சோளத்தட்டை, கிரேப் பேப்பர், மெல்லிய துணி. மூன்றும் குப்பென்று பற்றும். பக்கத்தில் நிஜ மெழுகுவர்த்தி வைத்தால், பறக்கும் ஒரு கவுன் ஓரம் போதும், கல்யாண வீடு எழவு வீடாகிவிடும். அமெரிக்க தேசிய தீ பாதுகாப்பு சங்கமே பூசணி விளக்குக்கு பேட்டரி மெழுகுவர்த்தியை பயன்படுத்த சொல்கிறது. நிறைய மண்டபங்களில் நெருப்புக்கு அனுமதியே கிடையாது. முன்பணம் கொடுக்கும் முன் கேட்டுவிட வேண்டும். சுவரில் டேப் ஒட்டலாமா என்பதையும் சேர்த்து கேட்பது நல்லது. பெயின்ட் உரிந்தால் டெபாசிட் போய்விடும்.

புகை கிளப்ப 'டிரை ஐஸ்' போடுகிறவர்கள் உண்டு. இது கெட்டியான கார்பன் டை ஆக்சைடு. குளிர் மைனஸ் 78 டிகிரி. வெறும் கையில் தொட்டால் தோல் பொசுங்கும். மூடிய டப்பாவில் வைத்தால் வெடிக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் மூச்சு முட்டும். குடிக்கும் கிளாசில் போடவே கூடாது. பெரிய பாத்திரத்தில் போட்டு, ஜூஸ் பாத்திரத்தை அதன் நடுவில் தனியாக வைப்பதுதான் பத்திரம்.

பஞ்சு சிலந்தி வலையை வீட்டுக்குள் மட்டும் கட்ட வேண்டும். தோட்டத்து மரத்தில் கட்டினால் குருவிகள் சிக்கிக்கொள்ளும். நடைபாதை, படிக்கட்டு, பாத்ரூம் வழியில் நல்ல வெளிச்சம் தேவை. வயதானவர்கள் தடுக்கி விழுந்தால் எல்லா அலங்காரமும் வீண்.

யார், எப்போது?

தனியாக செய்ய நினைப்பதுதான் பெரிய தப்பு. மூன்று மாதம் முன்பு பாட்டில், துணி வேலை. ஒரு மாதம் முன்பு வவ்வால், மெழுகுவர்த்தி. ஒரு வாரம் முன்பு பூசணி வாங்கி பெயின்ட். முதல் நாள் செதுக்கல். கல்யாண நாள் காலையில் மணமக்கள் கையில் பசை இருக்க கூடாது. மாட்டுவதற்கு நாலு நண்பர்களை இப்போதே பிடித்து, எந்த மூலை யாருக்கு என்று பேப்பரில் எழுதி கொடுத்துவிட வேண்டும்.

ஒரு மேஜை அவர்களுக்கு

கடைசியாக ஒன்று. இரு வீட்டாரில் சமீபத்தில் யாராவது இறந்திருந்தால், எலும்புக்கூடும் கல்லறை பொம்மையும் சிலர் மனதை குத்தும். அம்மாவை பறிகொடுத்த மாப்பிள்ளைக்கு பிளாஸ்டிக் சமாதி வேடிக்கையாக தெரியாது. ரத்தம், கல்லறை சமாச்சாரத்தை அடியோடு தவிர்த்துவிடலாம். வவ்வாலும் பூசணியும் மெழுகுவர்த்தியுமே போதும்.

அதற்கு பதில் ஓரமாக ஒரு சின்ன மேஜை போட்டு, வர முடியாமல் போனவர்களின் போட்டோ, ஒரு பூ, ஒரு விளக்கு வைக்கலாம். செத்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் ராத்திரி என்பதுதானே இந்த பண்டிகையின் ஆதி அர்த்தம். கல்யாணத்துக்கு முன்பு முன்னோருக்கு படையல் போடும் நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

400 டாலர் கணக்கில் இந்த மேஜைக்கு தனியாக பணம் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வந்தவர்கள் ஊருக்கு போய் வவ்வாலை மறந்தாலும், அந்த மேஜையை மறக்க மாட்டார்கள்.