பழைய டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்கலாமா?

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் நின்று காவடிகளைப் படம் எடுத்திருப்பீர்கள். கைத்தொலைபேசியில் இழுத்துப் பெரிதாக்கினால் முகம் குழம்பிப் போகிறது. கிட்டே போனால் வேண்டுதலோடு நடந்து வருகிறவருக்கு இடைஞ்சல். டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தால் தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ளலாம். ஆனால் நல்லதாகப் புதியது வாங்க ஆயிரம் வெள்ளிகூடப் போதாமல் போகும். 1970களில் செய்த பழைய லென்ஸோ நூறு வெள்ளி அளவிலேயே கிடைக்கிறது. அது தேறுமா என்பதுதான் கேள்வி.

தேறும். விலை குறைவு என்பதால் கண்ணாடி மட்டம் என்று நினைக்க வேண்டாம். கேனான் நிறுவனம் 1987இல் தன் பழைய எஃப்டி பொருத்தியைக் கைவிட்டுப் புதிய இஎஃப் முறைக்கு மாறியது. அதோடு எஃப்டி லென்ஸ்கள் எல்லாம் பொருந்தக் கேமரா இல்லாமல் அநாதையாயின. திருகிப் பொருத்தும் எம்42 வகை, அதற்கும் முன்பே வழக்கொழியத் தொடங்கிவிட்டது. தானாகக் குவியம் பார்க்கும் வசதியும் இவற்றில் கிடையாது. மலிவுக்கு இவைதான் காரணம்.

நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். அலமாரியில் பல ஆண்டு கிடந்த லென்ஸுக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டால், பிரித்துத் துடைத்தாலும் தழும்பு போகாது. சுத்தம் செய்யும் கூலி, லென்ஸின் விலையைவிட அதிகமாகிவிடுவதும் உண்டு. எனவே கையில் ஒரு சிறு டார்ச் கொண்டுபோங்கள். துளையை முழுதாகத் திறந்து, ஒரு முனையிலிருந்து ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி மறுமுனை வழியே பாருங்கள். இரண்டொரு தூசி பாதகமில்லை. நூல்போலக் கிளை விட்டிருந்தாலோ, பால்போல மூட்டமாக இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துளையின் தகடுகளில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். படிந்திருந்தால் அவை ஒட்டிக்கொள்ளும்.

முன்பு தேக்காவுக்குப் பக்கத்திலேயே சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்தது. 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். இப்போது சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்கு அருகே பெனின்சுலா பிளாசா, பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் ஆகியவற்றில் உள்ள கேமரா கடைகளைப் பார்க்கலாம். இணையத்தில் பத்து வெள்ளி மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் டார்ச் அடித்துப் பார்க்க முடியாதே!

அடுத்தது, உங்கள் கேமராவில் பொருந்துமா என்பது. கண்ணாடி மடங்கும் பழைய கேமராக்களுக்காகச் செய்த லென்ஸ் என்பதால், அதற்கும் ஃபிலிமுக்கும் இடையே தூரம் விட்டிருப்பார்கள். இன்றைய மிரர்லெஸ் கேமராவில் அந்தத் தூரம் குறைவு. மிச்ச இடத்தை ஓர் அடாப்டர் வளையம் நிரப்பிவிடும். கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் எஃப்டி லென்ஸ் வாங்கி ஏமாற வேண்டாம். நடுவில் கூடுதல் கண்ணாடி இல்லாமல் தூரத்துப் பொருள் தெளியாது. எம்42 என்றால் சிக்கல் இல்லை.

எந்த நீளம்? முதல் லென்ஸுக்கு 135 மி.மீ. போதும் என்பேன். 1.5 மடங்கு சிறு சென்சார் கேமராவில் அது சுமார் 200 மி.மீ. போலவே காட்டும். எஃப்2.8 துளை, எஃப்4 துளையைவிட இரு மடங்கு ஒளி தரும். விடியுமுன் வரும் காவடிகளுக்கு அது உதவும்.

குவியத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும். நடந்து வருபவரைத் துரத்தாதீர்கள். சாலையில் ஒரு கோட்டைக் குறித்துக்கொண்டு, அதில் குவியத்தை வைத்துக் காத்திருங்கள். அவர் அதை மிதிக்கும்போது அழுத்துங்கள். கேமராவின் பட்டியலில் 'லென்ஸ் இல்லாமலும் படமெடு' என்ற தெரிவை முன்னதாகவே திறந்து வையுங்கள். பலர் இது தெரியாமல் அடாப்டரைக் குறை சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸைத் துடைத்து, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருக்கட்டும். லென்ஸோடு வந்த பழைய தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.