இலை மஞ்சளானால் உரம் கேட்கிறதா?

மண் இல்லை. வரப்பு இல்லை. பாத்தி இல்லை. ஒரு வாளி, அது நிறையத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் வேரைத் தொங்கவிட்டபடி ஒரு தக்காளிச் செடி!

உரம் கரைத்த தண்ணீரிலேயே செடி வளருகிறது, பூக்கிறது, காய்க்கிறது. மண்ணில்லாத இந்த விவசாயத்துக்கு “ஹைட்ரோபோனிக்ஸ்” என்று பெயர்.

நன்றாக வளர்ந்த செடியில் ஒரு நாள் திடீரென்று இலை மஞ்சளாகிறது. வீட்டுக்காரர் பதறுகிறார். “பாவம், செடிக்குப் பசி போலிருக்கிறது” என்று இன்னும் ஒரு கரண்டி உரத்தை எடுத்துக் கொட்டுகிறார். சில நாளில் இலை ஓரமெல்லாம் கருகுகிறது. செடி சாய்கிறது.

அந்தச் செடி பசியால் சாகவில்லை; வைத்தியத்தால் செத்தது!

25 அடித் தக்காளி

தண்ணீரில் செடி வளர்ப்பது புதிய வித்தை அல்ல. 1860-ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஜூலியஸ் சாக்ஸ், இன்னின்ன உப்புகளைக் கரைத்தால் மண் இல்லாமலே செடி வளரும் என்று காட்டிவிட்டார். ஆனால், அது ஆராய்ச்சிசாலையோடு நின்றுவிட்டது.

அதை வெளியே கொண்டுவந்தவர், அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் பணியாற்றிய கெரிக். 1930-களில் அவர் தொட்டித் தண்ணீரில் வளர்த்த தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் போயின! “ஹைட்ரோபோனிக்ஸ்” என்ற பெயரை 1937-இல் உலகுக்கு அறிவித்தவரும் அவரே. கிரேக்க மொழியில் “ஹைட்ரோ” என்றால் தண்ணீர். “போனோஸ்” என்றால் உழைப்பு.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே வேக் என்று ஒரு பவளத் தீவு. காய்கறி விளைய அங்கே நல்ல மண் கிடையாது. 1930-களின் கடைசியில், அந்த வழியே பறந்த விமானங்களின் பயணிகளுக்கு அங்கே தொட்டித் தண்ணீரில்தான் காய்கறி பயிரானது.

சோறு உண்டு, சாப்பிட முடியாது!

செடிக்கு வேண்டிய உப்புச் சத்துகள் மொத்தம் 14. மண்ணில் வளரும் செடிக்கு, ஒன்று குறைந்தால் மண் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். வாளிச் செடிக்கு அந்த உதவி இல்லை. தண்ணீரில் இருப்பதுதான் அதன் சாப்பாடு.

ஆனால், சத்து இருந்தால் மட்டும் போதாது. தண்ணீரின் புளிப்பும் காரமும் சரியாக இருக்க வேண்டும். இதை அளப்பதற்குத்தான் “பி.எச்.” என்ற கணக்கு. டென்மார்க் விஞ்ஞானி சோரன்சன் 1909-இல் இதைக் கண்டுபிடித்தார்.

சுத்தமான தண்ணீருக்கு எண் 7. அதற்குக் கீழே போனால் எலுமிச்சம் பழச் சாறு போலப் புளிப்பு. மேலே போனால் சுண்ணாம்புத் தண்ணீர் போலக் காரம். ஓர் எண் மாறினால் பத்து மடங்கு வித்தியாசம்!

தண்ணீரில் வளரும் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு 5.5 முதல் 6.5 வரை உகந்தது. 7-க்கு மேலே ஏறினால் இரும்புச் சத்து கரைந்து நிற்காமல் துருவைப் போல அடியில் படியத் தொடங்கும். 5-க்குக் கீழே இறங்கினால் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வேர் சரியாக உறிஞ்சாது.

பானை நிறையச் சோறு இருக்கிறது, மூடிதான் திறக்கவில்லை! அப்போது மேலும் சோற்றைக் கொட்டி என்ன பயன்?

கிழ இலையா, குருத்தா?

செடிக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எந்த இலை முதலில் கெட்டது என்று பாருங்கள்.

தாய் தன் சோற்றைக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல, பழைய இலை தன்னிடமுள்ள சில சத்துகளைக் குருத்துக்கு அனுப்பிவிடும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை அப்படிப் பயணம் போகும் சத்துகள். இவை குறைந்தால் அடியிலுள்ள பழைய இலைகளில் அடையாளம் தெரியும்.

பழைய இலை முழுவதும் வெளுத்து மஞ்சளானால், நைட்ரஜன் குறைவு. நரம்பு பச்சையாக இருந்து, நடுவே மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் குறைவு. ஓரம் கருகினால் பொட்டாசியம் குறைவு. செடி வளராமல் குறுகி, இலை ஊதா நிறம் காட்டினால் பாஸ்பரஸ் குறைவாக இருக்கலாம்.

இரும்பும் கால்சியமும் அப்படியல்ல. போன இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே, இவை குறைந்தால் அடி இலை பசுமையாக இருக்கும். நுனிக் குருத்து வாடும். குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைவு. குருத்து நுனி கருகிச் சுருண்டால் கால்சியக் குறைவு. தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்குவதும் கால்சியம் போய்ச் சேராததால்தான்.

1840-களிலேயே பிரான்சு நாட்டு கிரிஸ் என்பவர், வெளுத்த இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினார். இலைகள் பச்சையாயின!

உரம் மிஞ்சினாலும் ஆபத்து

எல்லா இலைகளிலும் நுனி மட்டும் கருகினால், அநேகமாக உரம் அதிகமாகிவிட்டது என்று பொருள். வெயிலில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. குழம்பு சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பதைப் போல, வாளித் தண்ணீரும் கரிக்கும். வற்றிய அளவுக்கு வெறும் தண்ணீரை ஊற்ற வேண்டும். உரத் தண்ணீரை ஊற்றினால் கரிப்பு இன்னும் கூடும்.

வேரையும் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும். பழுப்பாகி, வழவழத்து, நாற்றமடித்தால் வேர் அழுகிவிட்டது. வேருக்கும் காற்று வேண்டும். 20 டிகிரிக் குளிர்ந்த தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். ஆகவே, வாளி வெயிலில் காயக்கூடாது. மீன் தொட்டிக்கு வைக்கும் காற்று பம்பு வைப்பது நல்லது.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் வேரைப் பாருங்கள். இரண்டாவது, பி.எச். அளந்து பாருங்கள். இதற்கென்று சொட்டு மருந்தும் கருவியும் கடையில் கிடைக்கும். சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் நிறம் மாறும். பெட்டியிலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டால் எண் தெரிந்துவிடும்.

எண் தவறாக இருந்தால், அதைச் சரிசெய்ய விற்கும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்; கலக்குங்கள்; மறுபடி அளந்து பாருங்கள். ஜாக்கிரதை! அவை கடுமையான அமிலமும் காரமும் ஆகும். கையுறை அவசியம். தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

எண் சரியாக இருந்தும் செடி தேறவில்லையா? பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, டப்பாவில் சொன்ன அளவுப்படி புதிதாக உரம் கரைத்து ஊற்றுங்கள். ஒரே நாளில் நாலு வைத்தியம் வேண்டாம். எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

பிறகு, ஒரு வாரம் பொறுமை! கருகிய இலை மறுபடி பச்சையாகாது. அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். புதிதாக வரும் குருத்தைப் பாருங்கள். அது பசுமையாக விரிந்தால் செடி பிழைத்துவிட்டது!

ஆகவே, இலை மஞ்சளானால் உர டப்பாவைத் தேடி ஓடாதீர்கள். முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்!